பெய்ஜிங் அரண்மனைக்கு அரை நாள் போதுமா?

கேள்வி, 8 ஜூலை 2025

செப்டம்பர் மூன்றாவது வாரம் கோலாலம்பூர் வழியாகப் பெய்ஜிங் போகிறோம். மூன்று நாள் இருப்போம். ஒரு நாள் பெருஞ்சுவர், ஒரு நாள் கடைகண்ணி. பேரரசர்களின் பழைய அரண்மனைக்கு (Forbidden City என்கிறார்களே, அது) அரை நாள்தான் மிச்சம். மாமனாருக்கு 70 வயது, மாமியாருக்கு முழங்கால் வலி, பையனுக்கு 9 வயது. 9,999 அறை இருக்கிறது என்கிறார்கள், ஏற்பாடு செய்பவர் இரண்டு மணி நேரம் போதும் என்கிறார். போதுமா?

8 ஜூலை, இரவு

தாராளமாகப் போதும். 2014-இல் நான் இரண்டே கால் மணி நேரத்தில் முடித்தேன். தெற்கே வூமென் வாசலில் நுழைய வேண்டியது, நேராக நடக்க வேண்டியது, வடக்கே ஷென்வூமென் வாசலில் வெளியே வர வேண்டியது. நடுவில் மூன்று பெரிய மண்டபம், மூன்று சின்ன மண்டபம், ஒரு தோட்டம். தெற்கு வடக்காக மொத்தமே 961 மீட்டர்தான். அறைகளை எண்ணிக் கவலைப்படாதீர்கள், பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு என்பதெல்லாம் பூட்டிய கதவுகளின் கணக்கு.

9 ஜூலை, காலை

நேற்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். "2014-ல நீங்க பாத்தது அரண்மனை இல்லைங்க, முன்னாடி போனவங்க முதுகு" என்று ஒரே வரி.

சரி, நியாயமாகவே எழுதுகிறேன். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2014-இல் எம்பிராய்டரி மெஷின் பார்க்கப் போன ஐந்து பேரோடு. இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உள்ளே போய் வெளியே வந்தோம். மறுபடி 2024 அக்டோபர் கடைசியில் அம்மா, மனைவி, மகளோடு. அம்மாவுக்கு அப்போது 71. அவரோடு நான்கரை மணி நேரம் உள்ளே இருந்தேன், நடு வழியில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த நான்கரை மணி நேரம்தான். 2014-இல் எடுத்த 140 படங்களைத் திறந்து பார்த்தால் எந்த மண்டபம் எது என்றே தெரியவில்லை.

அறைக் கணக்கையும் திருத்த வேண்டும். 9,999 அறை அல்லது 9,999½ அறை என்பது கதை. விண்ணுலகப் பேரரசனுக்கு 10,000 அறை, மண்ணுலகப் பேரரசன் கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டும் என்று விளக்கமும் சொல்வார்கள். 1973-இல் எண்ணிப் பார்த்ததில் 8,700 சொச்சம் வந்தது. அதிலும் அவர்கள் "அறை" என்பது நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள கட்டு. நம் தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தை (கூடத்தை) அப்படி எண்ணினால் என் தாத்தா வீட்டுக்கே 20 அறை வரும்.

9 ஜூலை, மதியம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை நாளாக அமைந்தால் மட்டும் திறப்பார்கள்.

12 ஜூலை

டிக்கெட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், நான் பட்ட அசிங்கத்தோடு.

2014-இல் வாசலிலேயே வரிசையில் நின்று 60 யுவான் கொடுத்துக் காகித டிக்கெட் வாங்கினோம். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது முன்பதிவு இல்லாமல் வாசல் பக்கம் போவது வீண். போகும் நாளுக்கு ஏழு நாள் முன்னால், பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு விற்பனை திறக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பர் முதல் மார்ச் வரை 40. புதையல் கூடத்துக்கும் கடிகாரக் கூடத்துக்கும் தனித்தனியாக 10 யுவான். காலை நுழைவு, மதிய நுழைவு என்று இரண்டு வகை. கையில் டிக்கெட் என்று எதுவும் தர மாட்டார்கள், பாஸ்போர்ட்தான் டிக்கெட்.

இரவு 8 மணி என்பதை நான் நம் 8 மணி என்று எடுத்துக்கொண்டேன். பெய்ஜிங் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. நம் ஊர் மாலை 5.30-க்கே திறந்துவிட்டது. சாப்பிட்டு, கை கழுவி, சம்பிரமமாக லேப்டாப்பைத் திறந்தால் காலை நுழைவு முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மறுநாளைக்கு மாற்றி, மறுநாள் 5.25-க்கே உட்கார்ந்து நான்கு பேருக்கும் பிடித்தேன்.

அடுத்தது இன்னும் கேவலம். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புதுப்பித்தால் நம் பாஸ்போர்ட்டில் எண்ணே மாறிவிடும். என் போனில் இருந்ததோ பழைய எண், அதைப் போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கண்டுபிடித்தது எப்போது? பெய்ஜிங் ஓட்டலில், முந்தைய நாள் சாயங்காலம். மகள்தான் சும்மா ஒத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, பாட்டிக்கு வேற யாரோ பேர்ல டிக்கெட் எடுத்திருக்கீங்க" என்றாள். அம்மா டிக்கெட்டை ரத்து செய்து திரும்ப எடுக்கப் போனால் காலை இல்லை, யாரோ விட்ட மதிய நுழைவு இரண்டு இருந்தது. என் டிக்கெட்டையும் ரத்து செய்து அந்த இரண்டையும் எடுத்தேன். மனைவியும் மகளும் காலையில், நானும் அம்மாவும் மதியத்தில். ஒரே அரண்மனையை ஒரே குடும்பம் இரண்டு கட்சியாகப் பார்த்தது இப்படித்தான்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைத் தட்டுங்கள், போனிலிருந்து ஒட்டாதீர்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல் விரிந்து அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து.

13 ஜூலை

ஜிபே அங்கே நடக்குமா என்று ஒருவர். நடக்காது. அலிபே செயலியில் நம் வெளிநாட்டு கிரெடிட் கார்டை இங்கேயே இணைத்துக்கொண்டு போனால் இளநீர்க் கடை மாதிரிச் சின்னக் கடையிலும் ஸ்கேன் செய்யலாம். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். கூகுள் மேப்பை நம்பிப் போக வேண்டாம், ஓட்டல் பெயரையும் அரண்மனை வாசல்களின் பெயரையும் சீன எழுத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் நீட்டினால் போதும்.

சாப்பாடு: அம்மா சுத்த சைவம். காலையில் ஓட்டல் அறையிலேயே எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டார் (எப்படி என்று கேட்காதீர்கள், ஓட்டல்காரர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்). சீனாவில் வெந்நீருக்கு மட்டும் பஞ்சமே கிடையாது, எங்கே பார்த்தாலும் பிளாஸ்க்கோடு வெந்நீர் பிடிக்க நிற்பார்கள். "இந்த ஒரு விஷயத்துல நல்ல சனம் கண்ணு" என்று அம்மா சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

20 ஜூலை

எப்படிப் போவது என்பது முழங்கால்காரர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. எல்லா வழிகாட்டியும் சுரங்க ரயிலில் தியானன்மென் கிழக்கு நிலையத்தில் இறங்கச் சொல்லும். இறங்கினால் பாதுகாப்புச் சோதனை வரிசை, பிறகு தியானன்மென் கோபுரம், அதைத் தாண்டி இன்னொரு வாசல், அதற்கும் அப்பால்தான் வூமென். அரண்மனைக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள். மாவோ படம் மாட்டிய அந்தத் தியானன்மென் கோபுரத்தையே அரண்மனை வாசல் என்று நினைத்து 2014-இல் எங்களில் இருவர் அதற்குத் தனி டிக்கெட் எடுத்து மேலே ஏறிப்போனார்கள். அவர்களைத் தேட ஒருவர் போய், அவரைத் தேட நான் போய்... எதிரே உள்ள சதுக்கத்துக்கும் இப்போது தனி முன்பதிவு வேண்டும், காசு இல்லை.

2024-இல் அம்மாவை டாக்சியில் கிழக்கு வாசலான துங்ஹ்வாமென் பக்கம் கூட்டிப்போனேன். அங்கே உள்ளே விட மாட்டார்கள், அது வெளியேறும் வழி மட்டும். ஆனால் அங்கிருந்து அகழி ஓரமாகத் தெற்கே நடந்தால் வூமென் முன்னால் போய்ச் சேரலாம். ஒரு பக்கம் 52 மீட்டர் அகல அகழி, மறுபக்கம் மதில், தண்ணீரில் மூலைக் கோபுரத்தின் நிழல். என்னைக் கேட்டால் அரண்மனையின் மிக அழகான கால் மணி நேரம் டிக்கெட் இல்லாத இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். துங்ஹ்வாமென் கதவில் பொன்னிறக் குமிழ்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு வூமென் கதவில். மற்ற வாசல்களில் ஒன்பதுக்கு ஒன்பது, 81. ஒன்பதுதான் பேரரசரின் எண். துங்ஹ்வாமென்னில் மட்டும் 72, இரட்டைப்படை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை. இறந்த பேரரசரின் பெட்டி அந்த வழியாகப் போகும், அதனால் இரட்டைப்படை என்பது அதில் பிரபலம். எனக்கு அந்தக் கதை பிடிக்கும், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

27 ஜூலை

நடு வழி. கேட்டவருக்கு இதுதான் முக்கியம் என்பதால் நீட்டி எழுதுகிறேன்.

வூமென் தாண்டி, ஐந்து பாலம் தாண்டி, இன்னொரு வாசலும் தாண்டினால் கண் எதிரே மூன்று பெரிய மண்டபங்களில் முதலாவது, தைஹ மண்டபம். மூன்று அடுக்கு வெள்ளைப் பளிங்கு மேடை மேல் மஞ்சள் கூரை. முன்னால் இருக்கிற முற்றத்தில் ஒரு மரம் கிடையாது, நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன பெரிய வாசல் வெச்சிருக்கானுங்க, ஒரு திண்ண வெச்சானுங்களா பாரு."

வைக்க மாட்டார்கள். வந்தவன் மண்டியிட வேண்டிய இடத்தில் திண்ணை எதற்கு?

இப்போது என் 2014 தவறு. மண்டபத்துக்குள் யாரையும் விடுவதில்லை. வாசலில் தடுப்பு, தடுப்பில் நூறு பேர், எல்லோர் கையும் தலைக்கு மேல், கையில் போன். உள்ளே இருட்டில் சிம்மாசனம். முண்டியடித்து முன்னால் போனால் பத்து விநாடி பார்க்கலாம். நான் 25 நிமிடம் முண்டினேன். அதற்கு அடுத்த மண்டபத்திலும், அதற்கு அடுத்ததிலும் இதே கதை. ஆறு மண்டபத்தில் ஆறு முறை கழுத்தை நீட்டினால் இரண்டு மணி நேரம் போய்விடும். உங்கள் ஏற்பாட்டாளரின் இரண்டு மணி நேரம் இதுதான்.

அம்மா படி ஏற மறுத்துவிட்டார். பக்கத்துத் தாழ்வாரத்து ஓரமாக ஒரு கல் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தார், வேறு வழியில்லாமல் நானும். உட்கார்ந்த பிறகுதான் கூரை முனையைப் பார்த்தேன். வளைந்து இறங்கும் விளிம்பில் சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக: முன்னால் பறவை மேல் ஒரு மனிதன், பின்னால் மிருகங்கள். கட்டடம் எவ்வளவு உசத்தியோ அவ்வளவு மிருகம். தைஹ மண்டபத்தில் மட்டும் பத்து. அந்தப் பத்தாவது, இறகு முளைத்த குரங்கு மாதிரி இருப்பது, அங்கே மட்டும்தான். கையில் உலக்கை போல ஒன்று. இடியிலிருந்து காப்பதற்காம்.

அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. யோங்லே பேரரசர் 1406-இல் தொடங்கி 1420-இல் கட்டி முடித்து, 1421 புத்தாண்டில் கோலாகலமாகத் திறந்தார். அந்த ஆண்டு மே மாதமே இடி விழுந்து மூன்று பெரிய மண்டபமும் எரிந்து போயின. பதினான்கு ஆண்டு வேலைக்கு வாழ்வு மூன்றே மாதம். பிறகும் எரிந்து, கட்டி, மறுபடி எரிந்து, இன்று நாம் பார்க்கும் தைஹ மண்டபம் 1690-களில் எழுப்பியது. ஆகவே "600 வருஷத்து மண்டபம்" என்று யாராவது சொன்னால் இடத்துக்குத்தான் அந்த வயது.

மூன்றாவது மண்டபத்தின் பின்பக்கம் ஒன்றை விட்டுவிடாதீர்கள். படிக்கு நடுவே சரிவாகப் பதித்த ஒரே கல், 16 மீட்டருக்கு மேல் நீளம், எடை 200 டன்னுக்கு மேல், முழுக்க மேகமும் டிராகனும். தென்மேற்கே ஃபாங்ஷான் மலையிலிருந்து கொண்டுவந்தது. எப்படி? குளிர்காலத்தில், வழி நெடுகக் கிணறு வெட்டி, தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டிப் பாதை போட்டு, அதன் மேல் சறுக்கி இழுத்திருக்கிறார்கள். 1557-இல் 120 டன் அளவுள்ள வேறொரு கல்லை இப்படி 28 நாளில் கொண்டுவந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. சக்கர வண்டி தெரியாமல் இல்லை, அவ்வளவு பாரத்தை வண்டி தாங்காது. எங்கள் பக்கத்துப் போர்வெல் வண்டிக்காரர்கள் இதைக் கேட்டால் பாதை போட்ட செலவைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

நிலைப்படிகள் உயரம், முழங்கால் வரை வரும். அம்மா ஒவ்வொன்றிலும் மிதிக்காமல் சேலையைத் தூக்கித் தாண்டினார். அங்கேயும் நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்பது பழக்கம். பக்கத்தில் வந்த ஒரு சீனப் பாட்டி அதைக் கவனித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் தாண்ட உதவினார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் முழங்காலைத் திட்டிக்கொண்டார்கள். கடைசிப் பேரரசர் பூயி பையனாக இருந்தபோது சைக்கிள் ஓட்டுவதற்காகச் சில வாசல்களில் இந்த நிலைப்படிகளை அறுத்தே எடுத்துவிட்டார்கள். 1912-இல் ஆறு வயதில் முடி துறந்தவரை 1924 நவம்பரில் வெளியேற்றும் வரை உள் அரண்மனையிலேயே வாழவிட்டிருந்தார்கள். ஆள ஒரு நாடு இல்லை, ஓட்ட ஒரு சைக்கிள் இருந்தது.

28 ஜூலை

மேலே எழுதும்போது அண்டாக்களை மறந்தேன். மண்டபங்களின் பக்கங்களில் பெரிய வெண்கல, இரும்பு அண்டாக்கள், பேரரசர் காலத்தில் மொத்தம் 308 இருந்தனவாம். தீயணைக்கத் தண்ணீர். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க அடியில் தீ மூட்டுவார்களாம், நெருப்பை அணைக்கும் தண்ணீருக்கு நெருப்பு! சிலவற்றில் பொன் முலாம் சுரண்டிய கோடுகள் தெரியும். 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் வந்தபோது துப்பாக்கிக் கத்தியால் சுரண்டியது என்று காட்டுவார்கள்.

2014-இல் இதைக் கேட்டு நானும் "வெள்ளைக்காரன் புத்தி" என்று தலையாட்டினேன். பிறகு படித்தால், அந்த ஆகஸ்டில் பெய்ஜிங்குக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி ராஜபுத்திர, சீக்கியச் சிப்பாய்கள். எந்தக் கீறலை யார் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும். 2024-இல் அந்த அண்டா பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

3 ஆகஸ்ட்

"உள்ளே ஒண்ணுமே இல்ல, நல்லதெல்லாம் தைவானுக்குப் போயிருச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2014-இல் நானும் ஊருக்கு வந்து இதையேதான் சொன்னேன். பாதி உண்மை. ஜப்பான் படை நெருங்கியதும் 1933-இல் 13,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் கட்டித் தெற்கே அனுப்பினார்கள். போர் முடிந்து, உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு 1948, 49-இல் ஒரு பகுதியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. தைபே அருங்காட்சியகத்தில் சுமார் 7 லட்சம் பொருள், பெய்ஜிங்கில் 18 லட்சத்துக்கு மேல். எண்ணிக்கையில் பெய்ஜிங் ஏழை இல்லை. ஆனால் நடு வழியில் நேராக நடப்பவன் கண்ணில் அதில் ஒன்றும் படாது, அதுதான் விஷயம். எல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது.

அந்த 10 யுவான் புதையல் கூடம் கிழக்குப் பக்கம், சியான்லோங் பேரரசர் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிக்கொண்ட தனி அரண்மனையில். நுழையும்போதே ஒன்பது டிராகன் பதித்த நீளச் சுவர். கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, உட்கார பெஞ்சும் இருக்கிறது. அம்மாவுக்கு உயிர் வந்தது அங்கேதான்.

உள்ளே ஜேட் என்னும் பச்சைக்கல்லில் ஒரு மலை, 5 டன். வெள்ளத்தை அடக்க மலையை வெட்டும் பழங்கதையைச் செதுக்கியிருக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் குட்டி மனிதர்கள். கல் மேற்கே சின்ஜியாங்கில் எடுத்தது, செதுக்கியது தெற்கே யாங்சோவில். போக வர ஆண்டுக்கணக்கில் பயணம் செய்த கல். மீன்கொத்தி இறகை ஒட்டிச் செய்த நீலத் தலை அணிகள். அம்மா கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டி, ஒட்டுவேலையின் விளிம்பைப் பார்த்தார் (நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், விளிம்பைத்தான் பார்ப்பார்).

பிறகு ஒரு தங்கக் கோபுரம். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், 100 கிலோவுக்கும் மேல் எடை, நடுவில் மாடம். நம் கோயில் விமானம் மாதிரி ஏதோ பூஜைப் பொருள் என்று நினைத்தேன். செய்தி என்னவென்றால், 1777-இல் சியான்லோங்கின் தாயார் இறந்ததும், அவர் தலையிலிருந்து உதிர்ந்த முடியைப் பாதுகாக்கச் செய்தது. முதலில் திட்டமிட்ட அளவுக்குத் தங்கம் போதாமல், இருந்த தங்கச் சாமான்களை உருக்கி, வெள்ளியும் கலந்து செய்தார்களாம்.

பலகையைப் போனில் மொழிபெயர்த்து அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனும் அம்மாவுக்குத்தான் செஞ்சிருக்கறான். சீப்புல வந்த மசிரக்கூடச் சேத்து வெச்சிருக்கான் பாரு. நீ எம்பட பாஸ்போட்டு நம்பரக்கூட ஒழுங்கா வெக்கல."

இதற்குமேல் நான் என்ன எழுத.

3 ஆகஸ்ட், இரவு

அந்தப் பக்கம் வடகோடியில் ஒரு கிணறு. 1900-இல் படைகள் நெருங்கியபோது, ஓடும் முன் சிஷி மகாராணி இளம் ராணி ஜென்னை இதில் தள்ளச் சொன்னார் என்பார்கள். கிணற்று வாய் அவ்வளவு சின்னது. பையனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என் மகளிடம் மனைவி சொல்லவில்லை, அவளே பலகையைப் படித்துவிட்டாள்.

4 ஆகஸ்ட்

கொஞ்சம் தடம் மாறுகிறேன். இந்த அரண்மனையைக் கட்டிய யோங்லேவுக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு, கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் கல்லாகவே நிற்கிறது. அவருடைய கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கையின் காலி நகரில் நட்ட கல்வெட்டு, 1409 தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேவேந்திரமுனையின் தென்னவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஒரே பேரரசர், மூன்று சாமிக்கும் ஏறக்குறைய ஒரே சீர்வரிசை. 1911-இல் கண்டெடுத்தபோது கால்வாய்க்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததாம். இந்தியப் பெருங்கடலில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் தமிழில் எழுத வேண்டும் என்று சீனப் பேரரசருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அவர் அரண்மனைப் பலகைகளில் சீனமும் ஆங்கிலமும்தான்.

அப்போது இலங்கையை ஆண்ட அழகக்கோன் செங் ஹவோடு மோதித் தோற்று, சிறைபிடிக்கப்பட்டு, இந்தத் தைஹ மண்டப முற்றத்தில்தான் நிறுத்தப்பட்டார். அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு அந்த நினைப்புத்தான்.

6 ஆகஸ்ட்

அடி விழுந்தது, சரியாகவே விழுந்தது. அழகக்கோனைக் கொண்டுபோனது 1411. அப்போது இந்த அரண்மனை சாரம் கட்டிய நிலையில். தலைநகர் நான்ஜிங், 1421-இல்தான் பெய்ஜிங் வந்தது. ஆகவே அவரை நிறுத்தியது நான்ஜிங்கில். முற்றத்தில் நின்று நான் உருகியதெல்லாம் தவறான முகவரிக்குப் போன உருக்கம். கல்வெட்டு பற்றி எழுதியது சரிதான்.

24 ஆகஸ்ட்

செப்டம்பர் 3 அன்று தியானன்மென்னில் பெரிய ராணுவ அணிவகுப்பு. அந்தத் தேதியை ஒட்டிப் போகிறவர்கள் அரண்மனையை மறந்துவிடுங்கள். அக்டோபர் 1 முதல் ஒரு வாரமும் அப்படித்தான், ஊரே அங்கே இருக்கும். கேட்டவருக்குக் கவலை இல்லை, இரண்டுக்கும் நடுவில் போகிறார்.

11 செப்டம்பர்

கேட்டவர் இன்று 5.30-க்கு உட்கார்ந்து 18-ஆம் தேதிக்கு ஐந்து பேருக்கும் எடுத்துவிட்டார். மதிய நுழைவு. காலை கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறார். வேண்டாம். செப்டம்பரில் மூன்று மணிக்கு மேல் கும்பல்களெல்லாம் வடக்கு வாசலுக்குப் போய்விடும், வெயிலும் சாய்ந்து மஞ்சள் ஓடு வேறு நிறமாகிவிடும். காலையில் போன என் மனைவி எடுத்த படங்களில் கூரை வெளுத்துக் கிடக்கிறது.

ஆனால் வழியை மாற்றுங்கள். நான் முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்து டாக்சியில் துங்ஹ்வாமென், அகழி ஓரமாக வூமென். தைஹ மண்டபத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, பத்து மிருகத்தை எண்ணி, சிம்மாசனக் கூட்டத்தில் மாட்டாமல், பக்கவாட்டில் நடந்து அந்த ஒற்றைக் கல்லைப் பார்த்துவிட்டு உடனே கிழக்கே திரும்புங்கள். புதையல் கூடத்தில் இரண்டு மணி நேரம். அதன் வடக்கு வழியில் வெளியே வந்தால் ஷென்வூமென் பக்கத்தில்தான். ஐந்து மணிக்கு மூடுவார்கள், நாலரைக்கே விரட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

மாமனாருக்குத் தெம்பு இருந்தால் எதிரே ஜிங்ஷான் குன்று, 2 யுவான். அகழி வெட்டிய மண்ணைக் குவித்த குன்று அது. மேலிருந்து பார்த்தால்தான் மஞ்சள் கூரைகளின் முழுக் கணக்கும் புரியும். கீழே, 1644-இல் மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் தூக்குப் போட்டுக்கொண்ட இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. அதே மரம் இல்லை, பிற்பாடு நட்டது. மாமியார் கீழே பெஞ்சில் உட்காரலாம். எங்கள் அம்மா அங்கே உட்கார்ந்துதான் மிச்ச எலுமிச்சை சாதத்தை முடித்தார்.

நடு வழியின் பின்பாதி முழுவதும் போகிறதே என்கிறார். போகட்டும். நான் இரண்டு முறை போயும் கடிகாரக் கூடத்தைப் பார்த்ததில்லை.

20 செப்டம்பர்

பெய்ஜிங்கிலிருந்து செய்தி. எல்லோரும் உள்ளே போனார்கள், எண்கள் எல்லாம் சரி. மாமியார் புதையல் கூடத்திலிருந்து கிளம்பவே மாட்டேன் என்றாராம். மாமனார்தான் சிம்மாசனத்தைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று முண்டியடித்து, கண்ணாடியைத் தொலைத்து, மறுபடி கண்டுபிடித்து, அதில் 40 நிமிடம் போயிற்றாம். அதனால் குன்று ஏறவில்லை.

பையன் துங்ஹ்வாமென் கதவில் 72 என்று சரியாக எண்ணிவிட்டான். வூமென்னில் எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது. 81 என்று தாத்தா சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறானாம். தம்பி, எங்கள் வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 63 தெரிகிறது. கீழே இரண்டு வரிசையை ஒருத்தர் குடை மறைக்கிறது.